ஊர் சூட்டிய பெயர்

நாளிதழைப் பிரித்தால் 'புறக்கணிப்பு' என்ற சொல் கண்ணில் படாத நாள் அரிது. வழக்குரைஞர்கள் நீதிமன்றப் பணிகளைப் புறக்கணிக்கின்றனர். சாலை வசதி கேட்டுச் சலித்துப்போன கிராமத்தினர், தேர்தலைப் புறக்கணிக்கப் போவதாக ஊர் எல்லையில் பதாகை கட்டுகின்றனர். அயல்நாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்குமாறு வணிகர்கள் வேண்டுகோள் விடுக்கின்றனர். இலங்கைத் தமிழ் ஏடுகளில் இதே இடத்தில் 'பகிஷ்கரிப்பு' நிற்கும். அங்கே வேலைநிறுத்தத்தின் பெயரே 'பணிப்பகிஷ்கரிப்பு'தான். விடுதலைப் போராட்டக் காலத்தில் தமிழகத்திலும் 'பகிஷ்காரம்' என்றே எழுதினார்கள்.

இந்தச் சொற்கள் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வழங்குகின்றனவோ, அந்த 'பாய்காட்' ஒரு மனிதரின் குடும்பப் பெயர். மொழியறிஞர் எவரும் அதை ஆக்கவில்லை. அரசாணை எதுவும் அதை அறிவிக்கவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கோடியில், எழுத்தறிவு குறைந்த குத்தகை விவசாயிகளின் வாயிலிருந்து அது புறப்பட்டது. பெயருக்கு உரியவர் அதை விரும்பியிருக்க வாய்ப்பே இல்லை.

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள பர்க் செயின்ட் பீட்டர் என்ற சிற்றூர். தந்தை மதகுரு. முன்னோர்கள், 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்டுகளின் உரிமைகளைப் பறித்தபோது பிரான்சிலிருந்து தப்பி வந்தவர்கள். சமயத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டு நாடு துறந்த குடும்பம் அது.

அந்தக் குடும்பத்தின் பெயர் அப்போது 'பாய்காட்' அன்று, 'பாய்கேட்'. 1841-இல்தான் அவர்கள் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்போது சிறுவனுக்கு வயது ஒன்பது. அந்த மாற்றம் நடந்திராவிட்டால், உலக மொழிகள் பலவற்றில் இன்று ஓர் உயிரெழுத்து வேறாக இருந்திருக்கும்.

சிறுவனுக்குப் படைத்துறையில் நாட்டம். 1848-இல் வூல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தேர்வில் தோற்று வெளியேறினார். அக்காலத்தில் பிரிட்டிஷ் படையில் அதிகாரப் பதவியை விலைக்கு வாங்கலாம். குடும்பம் 450 பவுண்டு கொடுத்து 39-ஆவது காலாட்படையில் அவருக்கு ஓர் இடம் வாங்கியது. படைப்பிரிவு அயர்லாந்துக்குச் சென்றது. டப்ளினில் 1852-இல் ஆனி டன் என்ற பெண்ணை மணந்தார். உடல்நலம் குன்றியிருந்தது, மறு ஆண்டு பதவியை விற்றுவிட்டு, அயர்லாந்திலேயே தங்கிப் பண்ணைத் தொழிலில் இறங்கினார்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுக்காலமே படையில் இருந்த அவர் கேப்டன் பதவிக்கு உயரவே இல்லை. ஆனாலும் ஊரார் அவரைக் 'கேப்டன் பாய்காட்' என்றே அழைத்தனர். வரலாற்று நூல்களும் அப்படியே எழுதிவருகின்றன. நம் ஊர்களிலும் கம்பவுண்டராக இருந்தவர் 'டாக்டர்' ஆனதையும், வக்கீல் குமாஸ்தா 'வக்கீல்' ஆனதையும் பார்த்திருக்கிறோம். படைத்துறை தராத பட்டத்தை மக்கள் வழக்கு அவருக்கு வழங்கியது. அதைப் பாய்காட் மறுத்ததாகத் தெரியவில்லை. அவர் கேளாமல் ஊர் செய்த இரண்டாவது காரியம்தான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அக்கில் தீவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பண்ணை நடத்திய பின், 1873-இல் மேயோ மாவட்டத்தின் பாலின்ரோப் நகருக்கு அருகே, மாஸ்க் ஏரிக்கரையில் இருந்த மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். எர்ன் பிரபு என்ற நிலவுடைமையாளருக்கு அங்கிருந்த 1,500 ஏக்கர் நிலத்துக்கு அவர் முகவர். தஞ்சைப் பகுதியில் மிராசுதாரின் காரியஸ்தர் என்றால் என்ன பொருளோ, ஏறக்குறைய அதே பொறுப்பு. குத்தகை வசூலில் பத்து விழுக்காடு அவருக்கு ஊதியம். தனியாக ஒரு பெரிய பண்ணையும் வைத்திருந்தார். குதிரைப் பந்தயத்தில் அளவற்ற ஆசை உண்டு.

அவர் கொடுங்கோலர் அல்லர். அக்கால அயர்லாந்தில் அவரினும் கொடிய முகவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால், சிறு விஷயங்களில் கண்டிப்பானவர். ஊரார் நெடுங்காலமாகப் பண்ணை நிலத்தில் விறகு பொறுக்கிவந்த உரிமையை நிறுத்தினார். வேலிக்கதவைத் திறந்து போட்டால் அபராதம். கோழி பண்ணைக்குள் வந்தால் அபராதம். குத்தகைத் தொகையைக் கூட்டுவதால் வரும் கோபத்தைவிட, விறகுக்கும் கோழிக்கும் கணக்குப் பார்ப்பதால் வரும் கோபம் ஆழமானது என்பதை நிலவுறவுகளின் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். முன்னது ஆண்டுக்கு இருமுறை வலிக்கும். பின்னது அன்றாடம் உறுத்தும்.

அன்றைய அயர்லாந்தின் நிலைமையைச் சொல்லாமல் அடுத்த பகுதி விளங்காது. நாட்டின் நிலம் கிட்டத்தட்ட முழுவதும் சுமார் பத்தாயிரம் பேர் கையில் இருந்தது. அதிலும் பாதி, எண்ணூறுக்கும் குறைவான குடும்பங்களிடம். அவர்களில் பலர் அந்நிலத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். உழுதவர்களுக்கோ குத்தகைக்கான பாதுகாப்பு இல்லை. 1840-களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து லட்சம் பேர் மாண்டதை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். 1870-களின் இறுதியில் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. நியாயமான குத்தகை, நிலத்திலிருந்து வெளியேற்றப்படாத உறுதி, தன் குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்று கோரிக்கைகளுடன் 1879-இல் அயர்லாந்து நிலக் கழகம் தோன்றியது. மைக்கேல் டேவிட் என்ற குத்தகை விவசாயியின் மகன் அதை உருவாக்கினார். சார்லஸ் பார்னல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தலைவரானார். அவரே ஒரு நிலவுடைமையாளர்.

1880 செப்டம்பர் 19-ஆம் நாள் என்னிஸ் நகரில் பார்னல் பேசினார். ஒருவன் வெளியேற்றப்பட்ட நிலத்தை இன்னொருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கேட்டபோது, கூட்டத்தினர் சிலர் சுட்டுக்கொல்ல வேண்டும் என்று கத்தினார்கள். அதைவிடச் சிறந்த வழி இருப்பதாகப் பார்னல் சொன்னார்: சாலையில், கடையில், சந்தையில், வழிபாட்டிடத்தில்கூட அவனுடன் பேசாதீர்கள், தொழுநோயாளியை அக்காலத்தில் விலக்கியதுபோல விலக்குங்கள். இந்த அறிவுரை நிலக்காரரின் முகவர்களைப் பற்றியது அன்று. சக விவசாயியின் நிலத்தைப் பறிப்பவனைப் பற்றியது. பார்னல் அந்த வழிமுறைக்குப் பெயர் எதுவும் சூட்டவும் இல்லை.

மூன்று நாள் கழித்து மேயோவில் பெயர் பிறப்பதற்கான வேளை வந்தது. விளைச்சல் குறைந்ததால் எர்ன் பிரபு குத்தகையில் பத்து விழுக்காடு தள்ளுபடி தர இசைந்திருந்தார். குத்தகையாளர்கள் இருபத்தைந்து விழுக்காடு கேட்டனர், அவர் மறுத்தார். பாய்காட் பதினொரு பேரை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தார். செப்டம்பர் 22-ஆம் நாள் அறிவிப்பு கொடுக்கச் சென்ற நீதிமன்ற ஊழியரைப் பெண்கள் சேற்றையும் கல்லையும் வீசித் துரத்தினார்கள். மறுநாள் ஊர் திரண்டு வந்து, பண்ணை வேலையாள்களையும் வீட்டுப் பணியாளர்களையும் வெளியேறச் சொன்னது. அவர்கள் வெளியேறினார்கள், சிலர் மனமுவந்து, சிலர் அச்சத்தால்.

அதன் பிறகு கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. சலவைப் பெண் துணி எடுக்கவில்லை. பாலின்ரோப் கடைக்காரர்கள் ரொட்டி விற்கவில்லை. உணவுப் பொருள்களைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அஞ்சல் கொண்டுவந்த சிறுவனும் மிரட்டப்பட்டான். வயலில் கிழங்கும் தானியமும் அறுவடைக்குக் காத்துக் கிடந்தன. அவர்மீது ஒருவரும் கைவைக்கவில்லை. ஊரில் அவர் ஒருவரே இல்லாததுபோல ஊர் நடந்துகொண்டது.

நம் சிற்றூர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய காட்சி அன்று. நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, கொள்வினை கொடுப்பினை கூடாது, பேசினால் அபராதம் என்று ஊர்க்கூட்டம் கட்டுப்பாடு விதிப்பதை நாம் அறிவோம். அயர்லாந்திலும் அது பழைய வழக்கமே. நடந்த செயலைக் காட்டிலும், அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டதும் அந்தப் பெயர் கிடைத்த விதமும்தான் இங்கே முக்கியம்.

ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்போது அப்பகுதியில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியபடி, அவ்வூர்ப் பங்குக் குருவான ஜான் ஓமாலியுடன் உணவருந்தும்போது இந்தப் பேச்சு எழுந்தது. நிலம் பறிப்பவனை விலக்குவதற்கு ஒரு சொல் இருக்கிறது; ஆனால் நிலக்காரரையும் முகவரையும் விலக்குவதற்கு வேறு சொல் வேண்டும் என்றார் ரெட்பாத். விலக்குவதைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு; அது விவசாயிகளுக்குப் புரியாது என்றார் குரு. சற்று யோசித்துவிட்டு, அந்த மனிதரின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிடலாமே என்றாராம். அக்டோபர் 12-இல் ரெட்பாத் அதை ஒரு சிகாகோ நாளேட்டில் எழுதினார். குரு கருதிப் பார்த்தது சொல்லின் அழகையோ இலக்கணத்தையோ அன்று. வயலில் நிற்பவர் வாயில் அது நுழையுமா என்பதை மட்டுமே.

அதே மாதத்தில் பாய்காட்டும் லண்டன் டைம்ஸ் ஏட்டுக்குத் தம் அவலநிலையை விவரித்துக் கடிதம் எழுதினார். அதுவரை மேயோவுக்குள் அடங்கியிருந்த செய்தி அக்கடிதத்தால் இங்கிலாந்து முழுவதும் பரவியது. தம் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்து நடந்தது, பொருளியல் மாணவர்களுக்கு ஆதாய-செலவுப் பகுப்பாய்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கது. கேவன், மொனஹன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது ஆரஞ்சு சங்கத்தினர் அறுவடைக்கு முன்வந்தனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களையும் காவலர்களையும் அரசு அனுப்பியது. நவம்பர் 11-இல் தொடர்வண்டியில் கிளேர்மாரிஸ் வந்து இறங்கியவர்களுக்கு வண்டி தர ஆளில்லை. கொட்டும் மழையில் பாலின்ரோப் வரை நடந்தனர். இரண்டு வாரம் கிழங்கு தோண்டினார்கள். விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. செலவு சுமார் 10,000 பவுண்டு. ஒரு பவுண்டு கிழங்குக்கு இருபது பவுண்டு. அரசு அறுவடையை முடித்தது. ஆனால், இன்னும் நூறு பண்ணைகளில் இதுபோல நடந்தால் கருவூலம் தாங்காது என்பதை எல்லோரும் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆயுதம் ஏந்தாதவர்கள் அன்று கண்டுகொண்ட விலைப்பட்டியல் அது.

நவம்பர் 27-இல் பாய்காட் குடும்பம் மாளிகையை விட்டு வெளியேறியது. வண்டி கிடைத்தது, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. படையின் மருத்துவ வண்டியில் ரயில் நிலையம் சேர்ந்தார்கள். டப்ளினில் அவர் தங்கிய விடுதிக்குக் கடிதம் வந்தது: இவரைத் தங்கவைத்தால் விடுதியும் 'பாய்காட்' செய்யப்படும். தம் சொந்தப் பெயரே வினைச்சொல்லாகித் தம்மைத் துரத்துவதை ஒரு மனிதர் கண்ணால் கண்ட நிகழ்வு வரலாற்றில் வேறு உண்டா என்பது ஐயமே. டிசம்பர் முதல் நாள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அதற்குள் லண்டன் ஏடுகள் அச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. முதலில் மேற்கோள் குறிக்குள், தலைப்பெழுத்துடன். பிறகு குறி உதிர்ந்தது. தலைப்பெழுத்து சிறிய எழுத்தாயிற்று. மனிதர் மறைந்து சொல் மட்டும் நின்றது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. தங்களிடம் ஈடான சொல் இல்லாததால் அல்ல. அந்தப் பெயரோடு ஒரு கதையும் ஒரு வெற்றியும் சேர்ந்தே வந்தன என்பதால்.

பெயரற்ற ஒரு செயலை அடுத்த ஊர் பின்பற்றுவது கடினம். பெயர் வந்துவிட்டால் ஒரே சொல்லில் அறிவுரை முடிந்துவிடுகிறது. அரசுக்கும் அது வசதியே. அயர்லாந்துக்கென 1887-இல் இயற்றப்பட்ட குற்றச் சட்டம் இம்முறையைக் குறிவைத்தது. பெயர் வைத்ததால்தான் போராட்டம் பரவியது. பெயர் வைத்ததால்தான் தடையும் வந்தது.

பொருளியலில் இதற்கு ஒப்பான நிகழ்வுகள் ஏராளம். 'மீட்டர் வட்டி', 'ரன் வட்டி' போன்ற பெயர்களை எந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையும் தரவில்லை. ஆட்டோ மீட்டர்போல ஏறிக்கொண்டே போகும் கடனில் சிக்கியவர்கள் வைத்த பெயர் அது. குழுக்கள் கூடி உருவாக்கும் கலைச்சொற்கள் பல, கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. துன்பப்பட்டவர் வைக்கும் பெயர் மறுநாள் சந்தைக்கு வந்துவிடுகிறது.

ஆனால், மக்கள் வழக்கு எல்லாக் கணக்கையும் சரியாகத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். மேயோவில் எளியோர் வலியவரை விலக்கினார்கள். இந்தியாவில் இதே ஆங்கிலச் சொல் இருவேறு செயல்களுக்கு வழங்கலாயிற்று. 1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள்களை விலக்க உறுதி பூண்டது ஒன்று. பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்க முனைந்த தாழ்த்தப்பட்டோருக்கு வேலையும் கடைச் சரக்கும் மறுத்து ஊரார் தண்டித்தது மற்றொன்று. பம்பாய் அரசு 1928-இல் அமைத்த ஸ்டார்ட் குழு, இரண்டாவது வகையே ஒடுக்கப்பட்டோர் உரிமை கோருவதைத் தடுக்கும் வலிமையான ஆயுதம் என்று கண்டறிந்தது. அம்பேத்கர் அக்குழுவில் உறுப்பினர். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் தயாரித்த கோரிக்கை விண்ணப்பத்தில், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று விரிவாக எழுதினார். அதற்கான வாசகங்களைப் பர்மாவின் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எடுத்தாண்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் அது குற்றமாக இடம்பெற்றது. பாய்காட்டின் பெயர் அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் சட்டம் எழுதுவோர், இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முன்னே ஓர் அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. அரசையோ பொருளையோ மறுத்தால் 'புறக்கணிப்பு'. ஒரு குடும்பத்தை ஊர் மறுத்தால் 'ஊர்விலக்கு', 'ஒதுக்கிவைத்தல்'. முன்னதைப் பெருமையுடன் சுவரொட்டியில் அச்சிடுவார்கள். பின்னதை எவரும் அச்சிடுவதில்லை. அண்மைக்காலமாகச் செய்தி ஏடுகள் ஆங்கில அறிக்கைகளைப் பின்பற்றி இரண்டுக்கும் 'புறக்கணிப்பு' என்றே எழுதுகின்றன. குடிநீர்க் குழாய் அடைக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றிய செய்தியில் அச்சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஊர் வைத்திருக்கும் கடுமையான பெயரே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

பாய்காட்டின் எஞ்சிய வாழ்க்கை அமைதியானது. அரசிடம் இழப்பீடு கேட்டார், கிடைக்கவில்லை. 1881-இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது குடும்பப் பெயரை விட்டுவிட்டு சார்லஸ் கன்னிங்ஹாம் என்று பதிந்துகொண்டார். பத்திரிகைகள் அப்படியும் கண்டுபிடித்துவிட்டன. அவ்வாண்டே கிளாட்ஸ்டன் அரசின் நிலச் சட்டம் விவசாயிகளின் மூன்று கோரிக்கைகளையும் பெருமளவு ஏற்றது. பாய்காட் மீண்டும் மாஸ்க் ஏரிக்கரைக்குத் திரும்பினார் என்பது பலர் அறியாத செய்தி. 1886 வரை அங்கிருந்துவிட்டு, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஃபிலிக்ஸ்டன் பண்ணையின் முகவராகச் சென்றார். அடுத்த ஆண்டு, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எனப் புகழ்பெற்ற பேரகராதியின் மூன்றாம் பகுதி வெளியானது. அதில் அவர் பெயர், அவர் உயிரோடு இருக்கும்போதே, வினைச்சொல்லாக ஏறியிருந்தது.

1897 ஜூன் 19-ஆம் நாள், 65-ஆம் வயதில், ஃபிலிக்ஸ்டனில் காலமானார். இறுதிச் சடங்கு பர்க் செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் நடந்தது. அவருடைய ஞானஸ்நானப் பதிவில் இருக்கும் குடும்பப் பெயர் இன்றும் 'பாய்கேட்'தான்.